பதினான்காவது மாத்திரை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியவந்தால் நான் மறைத்ததாக ஆகிவிடும்.

2003 மார்ச். எனக்கு அப்போது ஆறு வருடமாக முதுகு வலி. இடுப்பில் தொடங்கி இடது காலின் சுண்டுவிரல் வரை இறங்கும். உட்கார்ந்தால் ஒரு விதம், நின்றால் வேறு விதம். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே டாக்டர் ஓஸ்வால்ட் எனக்கு உடற்பயிற்சியும் நடையும் சொல்லி, வலி மீறும் நாட்களுக்கு மட்டும் கோடீன் கலந்த மாத்திரை எழுதித் தருவார். இரண்டு வாரத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை உண்டு. காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது அட்டை.

அந்த மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம். மருந்து ஜன்னலில் பதினைந்து மாத்திரை கூடுதலாகக் கேட்டேன்.

"டாக்டர் எழுதலையே" என்றாள் உள்ளே இருந்தவள்.

"அவர் லீவு. நான் ஊருக்குப் போறேன். வழியிலே வலி வந்தா?"

"இருக்கறதைப் போட்டுக்கோங்கோ. இருக்கோல்லியோ?"

[வீட்டு மேஜை டிராயரில் அப்போது... இல்லை, அது பிறகு.]

"இது என்ன ரேஷன் கடையா?" என்றேன், வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "ரேஷன் கடையிலே பக்கத்தாத்துக் கார்டுலேயாவது போட்டுத் தருவா. இங்கே அதுவும் கிடையாது."

யாரோ சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டு, அவளைப் பழிவாங்க ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்.

"அவளுக்கு இதயம் இருந்த இடத்தில் ஒரு பூட்டுத் தொங்கியது." (பூட்டு மட்டும் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் மலிவு.)

"மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு வலி என்றால் என்னவென்று" (முடிக்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்?)

"சுப்புலக்ஷ்மி தினமும் மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள்."

இந்த மூன்றாவது வாக்கியம் தங்கியது, ஏனென்றால் அது நான் பார்த்தது. நானும் மல்லேஸ்வரம்தான். திருச்சியிலிருந்து திரும்பிய வாரம், எட்டாவது கிராஸ் காய்கறிக் கடையில் கத்திரிக்காயைக் காம்பு காம்பாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த மருந்து ஜன்னல் சுப்புலக்ஷ்மிதான்.

"கோபம் போச்சா?" என்றாள், கத்திரிக்காயிலிருந்து கண்ணெடுக்காமல்.

"உங்களைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்."

"வில்லியா?"

"இப்போதைக்கு."

அவள் சத்தமாகச் சிரித்தாள். "அப்போ வாங்கோ, காப்பி வாங்கித் தரேன். வில்லி என்ன பண்ணினான்னு முழுசா தெரிஞ்சுண்டு எழுதுங்கோ."

ஒரு காப்பி ஆறும் நேரத்தில் அவள் சொன்னதுதான் கீழே வருவது. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: எழுதியதை அவளிடம் காட்ட வேண்டும். அவள் ஓரத்தில் எழுதிய குறிப்புகளை நட்சத்திரம் போட்டு அப்படியே வைத்திருக்கிறேன்.

3

1999. சுப்புலக்ஷ்மிக்கு முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் மார்ஃபின் மாத்திரை வைத்துக்கொள்ள லைசென்ஸ் கிடைப்பதற்குள் டாக்டர் ஓஸ்வால்டுக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. இரண்டரை வருடம். அந்த மருந்து இரும்பு அலமாரியில் இரட்டைப் பூட்டுக்குள் இருந்தது. ஒரு சாவி டாக்டரிடம், ஒன்று அவளிடம். வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பதிவேட்டைப் பார்த்து லைசென்ஸைப் புதுப்பிப்பார். அன்றைய தேதியில் அந்த அலமாரியை நம்பி நாற்பத்தொரு நோயாளிகள் இருந்தார்கள். அலமாரி மூடப்பட்டால் நாற்பத்தொரு வீடுகளில் என்ன சத்தம் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தோடுதான் அவர்கள் முதல் நாள் வருவார்கள்.

ஆஸ்டின் டவுன் பெருமாள்சாமி அப்படித்தான் வந்தார். லேத் பட்டறையில் டர்னராக இருந்தவர். புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. ஆட்டோவில் மேடு பள்ளம் வரும்போதெல்லாம் துண்டைக் கடித்துக் கடித்து, துண்டின் ஓரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. கூட வந்தவள் மனைவி அன்னம்மாள். வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவள், கைரேகைக்குள் கரி படிந்தவள்.

"பழகிடும்கறாங்களே, கஞ்சா மாதிரி?" என்றாள் அன்னம்மாள்.

வலி இருக்கிறவருக்கு வலிக்கு ஏற்ற அளவில், வேளை தவறாமல் கொடுத்தால் அப்படி ஆகாது, நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டர். பிறகு விதிகளைச் சொன்னார். பூட்டிய டப்பாவில் வைக்க வேண்டும். மலம் இறுகும், அதற்கான மருந்தையும் கூடவே கொடுக்க வேண்டும். எழுப்பினால் எழாத தூக்கம் என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஃபோன் செய்ய வேண்டும். வலி பொறுக்கவில்லை என்றால் நடுவில் ஒன்று தரலாம், ஆனால் வந்து சொல்ல வேண்டும். வேறு யாருக்கும், எந்த வலிக்கும், பாதி மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. மீந்தது அத்தனையும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வர வேண்டும்.

சுப்புலக்ஷ்மி ஒரு அட்டையில் ஐந்து கடிகாரம் வரைந்தாள். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, படுக்கும்போது பத்து. கடைசியில் மட்டும் இரண்டு மாத்திரை.

அன்னம்மாள் அட்டையைத் திருப்பித் தந்தாள். "எனக்கு எழுத்துதான் தெரியாது மேடம். டைம் தெரியும்."*

மூன்றாம் நாள் பெருமாள்சாமி முகம் மழித்துவிடச் சொன்னார். இரண்டாவது வாரம் தெருமுனை கேரம் கிளப்பில் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, நோயாளியோடு ஆடத் தயங்கிய இளைஞர்களைப் பார்த்து முதுகை நிமிர்த்தினார். அன்னம்மாள் டப்பாவின் சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு சந்திரம்மா பல் வலிக்கு ஒன்று கேட்டு வந்து, நாலு கிராம்போடு திரும்பிப் போனாள். மைத்துனர் இடுப்புப் பிடிப்புக்குக் கேட்டார். "உங்க அண்ணன் மாதிரி கேன்சர் வரவெச்சுக்கினு வாங்க, பாப்போம்" என்று பதில் கிடைத்தது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து, நாற்பத்திரண்டு வாங்கிப் போவாள். எட்டு மாதம். ஒன்றுகூட முன்பின் ஆனதில்லை.

*"அந்தப் படத்துக்கு நான் ஒரு மணி நேரம் செலவழிச்சேன். இதையும் எழுதுங்கோ." (சு.)

4

இனி நடந்தது.

திங்கட்கிழமை காலை சுப்புலக்ஷ்மி ஆஸ்டின் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகக் கொடுத்தது நாற்பத்திரண்டு. புதனிலிருந்து சனி வரை இருபத்துநான்கு. ஞாயிற்றுக்கிழமை நாலு வேளைக்கு நாலு. விளக்கு வைத்த பிறகு உயிர் போய்விட்டது என்று ஃபோனில் சொன்னார்கள். படுக்கும்போது கொடுக்க வேண்டிய இரண்டு கொடுக்கப்படவில்லை. மீதி பதினான்கு. அதன்பின் இரண்டு செவ்வாய் போய்விட்டது, அன்னம்மாள் வரவில்லை. நாளை மறுநாள், புதன்கிழமை, லைசென்ஸ் அதிகாரி சேஷகிரி வருகிறார். இதுவரை எந்த வீட்டிலிருந்தும் ஒரு மாத்திரைகூடத் திரும்பாமல் இருந்ததில்லை. அதுதான் சுப்புலக்ஷ்மியின் கர்வம். பதிவேட்டைத் திறந்து காட்டும்போது அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொள்வாள், யாரோ படம் எடுக்கப் போகிறார்கள் என்பதைப் போல.

தெருவில் ஷாமியானா. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அது பதினாறாம் நாள். காரியம் முடிகிற வரை அன்னம்மாள் எப்படி வீட்டை விட்டு வெளியே வருவாள்?

"வாங்க மேடம்! அவரே கூப்பிட்ட மாதிரி கரெக்டா வந்துட்டீங்க."

அன்னம்மாளின் கழுத்தில் தாலி இல்லை. ஒரு கறுப்புக் கயிற்றில் சாவி மட்டும் தொங்கியது. சுப்புலக்ஷ்மி பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"காலைல தாலியைக் கழட்டுனாங்க. சாவியையும் கழட்டுன்னாங்க. அது மேடம் கையில குடுக்குற வரைக்கும் என்னுதுன்னுட்டேன்."

படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. வடை, பாயசம், கத்திரிக்காய்க் காரக் குழம்பு, கட்டவிழ்த்த பீடிக்கட்டு, மூடி திறந்த கால் பாட்டில் பிராந்தி. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தில் வெள்ளை மாத்திரைகள்.

சுப்புலக்ஷ்மி இலைக்கு முன்னால் குனிந்தாள்.

"அன்னம்மா! இது என்னது?"

"அவருக்குப் புடிச்சதை வெக்கணும்ல? கடைசியா அவரு பீடியும் கேக்கல, பிராந்தியும் கேக்கல. இதைத்தான் கேட்டாரு."

"அட்டையிலேர்ந்து ஏன் பிரிச்சே?"

"மூடி வெச்சா எப்படிச் சாப்புடுவாரு? பிராந்தியையே தொறந்துதான் வெச்சிருக்கோம்."

"அண்ணன் அங்கேயும் பத்து மணியானா கேப்பாரு" என்றார் மைத்துனர் பின்னாலிருந்து.

கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டியவளை அன்னம்மாள் தடுத்தாள். காக்கை சோறு எடுக்கும்வரை படையலைத் தொடக் கூடாது. சுப்புலக்ஷ்மி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் இடுப்புகளுக்கு இடையே அந்தக் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நாற்பது நிமிடம் காவல் காத்தாள். ஆஸ்பத்திரியில் இரட்டைப் பூட்டு. இங்கே அவளுடைய இரண்டு கண்கள். யாரோ கையில் வடை கொடுத்தார்கள், தின்றாள்.*

கடைசியில் மொட்டைமாடியிலிருந்து குரல் வந்தது: "எடுத்துடுச்சு! காக்கா எடுத்துடுச்சு!"

வீடு முழுக்கப் பெருமூச்சு விட்டது. கிண்ணம் அவள் மடிக்கு வந்தது. எண்ணினாள். ஐந்து, ஐந்து, மூன்று. மறுபடி எண்ணினாள். பதின்மூன்று.

"பதினாலு இருக்கணும், அன்னம்மா."

"இருந்துச்சே. ஒண்ணு காக்கா சோத்து மேல வெச்சேன்."

"காக்காய்க்கா?"

"இலையில வெக்கறது படத்துக்கு மேடம். வந்து சாப்புடறது காக்காதானே? அதுக்கு வெக்காம வேற யாருக்கு வெக்கறது?"

*"இங்கே ஜாதியைப் பத்தி ஒரு பாரா எழுதியிருந்தேள். பசிச்சது, தின்னேன். பெரிசு பண்ணாதீங்கோ. அந்தப் பாராவை அடிச்சாச்சு. அப்புறம், கிண்ணத்தை வாங்கிண்டு நான் சிரிச்சேன். அழுதேன்னு எழுதினா இனிமே படிக்க மாட்டேன்." (சு.)

5

இந்த இடத்தில் நான் ஒரு பாத்திரத்தைச் சந்தேகித்தேன்.

முப்பது வருடம் ஊதுபத்தி உருட்டியவளுக்கு மணிக்கட்டு வீங்காமல் இருக்குமா? எட்டு மாதம், ஒரு மாத்திரை ஒரு மனிதனை எழுப்பி உட்கார வைப்பதைத் தினமும் ஐந்து தடவை பார்த்தவளுக்கு, ஒரே ஒரு தடவை, ஒன்றை மட்டும்... மூன்று பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. சமையலறையில் அவள் தனியாக நிற்கிறாள். நாக்கில் கசப்பு. பிறகு அரை மணி நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக அவளுக்குத் திரும்பக் கிடைக்கின்றன. காக்கை என்பது அவள் சொன்ன கதை.

நுட்பமான திருப்பம் என்று நினைத்தேன். சுப்புலக்ஷ்மி ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. நேரில் கேட்டாள்.

"அவ எடுத்தான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. மனித இயல்பு."

"யாரோட இயல்பு?"

அந்த மூன்று பக்கங்களும் இப்போது இல்லை. ஆனால் அவை இருந்தன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

6

திரும்பி வந்த மருந்தை அதிகாரி முன்னால்தான் கரைத்துக் கொட்டுவார்கள். ஆகவே அவர் எண்ணுவார். பதிவேட்டில் பதினான்குக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே ஒரு வரி எழுதியாக வேண்டும். மார்ஃபினைக் காக்கைக்கு வைத்தார்கள் என்று எழுதினால் லைசென்ஸ் என்ன ஆகும்? மீதி நாற்பது வீடுகள் என்ன ஆகும்?

சுப்புலக்ஷ்மி அன்னம்மாளைச் சமையலறைக்குள் அழைத்துப் போனாள். அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. மிகச் சுலபமான, யாரையும் நோகடிக்காத வழி.

"ஞாயித்துக்கிழமை நடுவிலே ஒண்ணு குடுத்தேன்னு சொல்லிடு அன்னம்மா. வலி ஜாஸ்தியா இருந்ததுன்னு. டாக்டர் அனுமதிச்சதுதானே? அவ்வளவுதான், கணக்கு நேராயிடும்."

அன்னம்மாள் நிமிர்ந்தாள். உயரமான பெண் இல்லை. ஆனால் சுப்புலக்ஷ்மி இதை என்னிடம் சொன்னபோது கையைத் தன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"நான் நடுவுல குடுக்கவே இல்ல மேடம். அன்னைக்கு அவருக்கு வலியே இல்ல. ஆறு மணிக்குப் போட்டுக்கினு, டீ கேட்டாரு, பாதி குடிச்சாரு, போயிட்டாரு. வலி இல்லாமப் போனாருன்னு பதினாறு நாளா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன். எனக்குன்னு மிஞ்சுனது அது ஒண்ணுதான். அதுல போய் வலி இருந்துச்சுன்னு எழுதுவீங்களா?"

[இதற்குப் பிறகு சுப்புலக்ஷ்மியின் மனத்தில் ஓடியதை ஒரு பத்தி எழுதினேன், நீக்கிவிட்டேன். அவள் பதிவேட்டில் எழுதியதே போதும்.]

அன்று மதியம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அவள் எழுதினாள்: திரும்பி வந்தது 13. ஒன்று, பதினாறாம் நாள் படையலில் காக்கைக்கு வைக்கப்பட்டது. எட்டு ஆண்டு வேலையில் அந்தப் பதிவேட்டில் அவள் எழுதிய மிக நீளமான வரி அது. எழுத்து நடுங்கவில்லை என்றாள். எனக்கு அது முக்கியம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

7

புதன்கிழமை. சேஷகிரி தடித்த கண்ணாடிக்காரர். படித்தார். மறுபடி படித்தார். டாக்டர் ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமினார். சுப்புலக்ஷ்மி தலைப்பைச் சரி செய்யவில்லை.

அப்போது கதவு திறந்தது. கூப்பிடாமலே வந்திருந்தாள் அன்னம்மாள். பதினான்கு குழியும் கிழிந்த காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

காக்கை தின்றது உண்மையா என்று சேஷகிரி கன்னடத்தில் கேட்டார்.

"ஹௌது சார்" என்று ஆமோதித்தாள். யார் வைத்தது என்று அடுத்து அவர் கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"நீயே எடுக்கலைன்னு நான் எப்படிம்மா நம்பறது?" என்றார் அவர், அவளுக்காகத் தமிழுக்கு மாறி.

அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. "இந்தக் கையில எனக்கும் வலி இருக்கு சார். எட்டு மாசம் சாவி என் கழுத்துலதான் இருந்துச்சு. எடுக்கணும்னா பதினாலும் எடுத்துட்டு, டப்பா காணோம்னு அழுதிருப்பேன். ஒண்ணு எடுத்துட்டுப் பதிமூணு குடுக்க நான் என்ன கிறுக்கியா?"

சேஷகிரி கைகளைப் பார்த்தார். "சரி. அந்தக் காக்கா என்ன ஆச்சு?"

"கேட்டேன் சார். சும்மா உக்காந்திருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு என்னைக்கு நான் கேட்டதுக்குப் பதில் சொன்னாரு?"

டாக்டர் ஓஸ்வால்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"ஒண்ணு மட்டும் எழுதிக்குங்க சார்" என்றாள் அன்னம்மாள். "ஞாயித்துக்கிழமை அவருக்கு வலி இல்ல."

சேஷகிரி பேனாவைத் திறந்து, குறிப்பு என்று இருக்கும் கடைசிக் கட்டத்தில் எதையோ எழுதினார். நேரமெடுத்து எழுதினார். பதின்மூன்று மாத்திரைகளும் கண்ணாடிக் குவளையில் கரைந்து, தொட்டியில் இறங்கின. அன்னம்மாள் கடைசிச் சொட்டு வரை பார்த்துவிட்டு, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, சாவியைப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

8

லைசென்ஸ் இருக்கிறது. இல்லையென்றால் நான்கு வருடம் கழித்து அந்த ஜன்னலில் எனக்குப் பதினைந்து மாத்திரை மறுக்கப்பட்டிருக்காது. ஆனால் சேஷகிரி அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார்?

"காட்டுங்களேன்" என்றேன்.

"அது உங்களுக்கு இல்லை" என்றாள் சுப்புலக்ஷ்மி. "அது பதிவேடு. கதைப் புஸ்தகம் இல்லை."

ஆகவே எனக்குத் தெரியாது. "பார்த்தேன்" என்று மட்டும் எழுதியிருக்கலாம். "இனி காக்கை வேண்டாம்" என்று எழுதியிருக்கலாம். அன்னம்மாள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம். மூன்றாவதை நான் விரும்புகிறேன். விரும்புவதாலேயே அதை உங்களுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கட்டம் காலியாக இருக்கிறது, பேனா உங்களிடம்.

இனி அந்த டிராயர்.

வலி குறைவாக இருந்த வாரங்களில் நான் டாக்டரிடம் குறைந்தது என்று சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையைக் குறைத்துவிடுவாரே. வலிக்குப் பயந்ததைவிட மாத்திரை தீர்ந்துவிடுமோ என்றுதான் அதிகம் பயந்தேன். மாத்திரையைப் பிரித்து டிராயரில் ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுவிட்டு, காலி அட்டையை மட்டும் நல்ல பிள்ளை போலத் திருப்பிக் கொடுத்து வந்தேன். பதினைந்து கூடுதலாகக் கேட்ட அன்றும் அவை அங்கே இருந்தன. அன்னம்மாளைத் திருடியாக்கிய மூன்று பக்கங்களை எழுதியபோதும், முழங்கைக்கு ஓரடி கீழே, இருந்தன.

இந்தக் கதையின் கடைசிப் பிரதியைக் காட்டுவதற்குப் பதிலாக, சென்ற செவ்வாய்க்கிழமை அந்த டப்பாவை ஜன்னலில் வைத்தேன். முதுகு வலித்தது. இருந்தும் நேராக நின்றேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. யாரிடமிருந்து வாங்கிய பெருமை என்று உங்களுக்குத் தெரியும்.

சுப்புலக்ஷ்மி மூடியைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணினாள். இருபத்துமூன்று.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவள் நான் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். நீங்கள் நம்புவீர்களா?